நீலச் சுவெட்டர் போட்ட பிள்ளை

பழையகாடு தோட்டம்,
வலப்பனை.
17 ஜனவரி 1956

மதிப்பிற்குரிய கணக்கப்பிள்ளை இராமையா ஐயா அவர்களுக்கு,

டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் உங்களைப் பிரிந்த பிறகு நானும் பேச்சியம்மா அத்தையும் கடைசி பஸ்ஸைப் பிடித்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ராகலை தாண்டும் வரை குளிரில் அத்தை வாயைத் திறக்கவில்லை. என்னை வளர்த்த இத்தனை வருடத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பலகாரம் தின்று, பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லியனுப்பினால் இரண்டு பக்கத்துக்கும் மனக்கஷ்டம். அதற்காகத்தான் கொட்டகலைத் துணிக்கடை ஹமீத் நானா இந்த வழியைச் சொன்னார். பொங்கலுக்கு மறுநாள் இரண்டு குடும்பமும் ஊர் சுற்றக் கிளம்புவது, ஹக்கல பூந்தோட்டத்தில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திப்பது. யாரையும் யாரும் காட்டக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது. பிடித்தால் கடிதம். பிடிக்காவிட்டால் அது வெறும் உல்லாசப் பயணம். துணி அளக்கிற மனிதருக்கு இவ்வளவு யோசனை ஓடும் என்று நான் நினைக்கவில்லை.

ஐயா, பெண் விஷயத்தை ஒதுக்கி வைத்தாலும் அந்த ஒரு நாளுக்கே நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன். தை மாதம் என்றால் எனக்கு இருமல் மாதம். வாசலில் வரிசையாக நின்று இருமுகிறவர்களைத் தவிர இந்தக் குளிரில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அன்று காலை நுவரெலியா குளத்தோரப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. சந்தையில் மண் வாசனை போகாத கரட் வாங்கி, தெருவிலேயே கடித்துக்கொண்டு நடந்தோம். சீதா எலிய ஓடையில் கால் நனைத்தால் புண்ணியம் என்று இறங்கிய அத்தை, போன வேகத்தில் திரும்பி வந்து, புண்ணியம் போதும் என்றார்.

"நீலச் சுவெட்டர் போட்ட பிள்ளையப் பாத்துக்க தம்பி. வேற அடையாளம் ஒண்ணும் கேக்காத" என்று நானா சொல்லியிருந்தார். அவர் கடையில் வாங்கிய சுவெட்டர் என்பதில் அவருக்குப் பெருமை.

பார்த்தேன். நீங்களும் நானாவும் தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நீலச் சுவெட்டர் போட்டிருந்தவர்தான் எனக்கும் அத்தைக்கும் புளிச்சோறு வைத்தார். "இந்தக் குளிருக்குத் தலைய மூடிக்கிறது நல்லதுங்க" என்று தொழில் புத்தியில் சொல்லிவிட்டேன். "மருந்துக்காரரே, குளிருக்கு ஒங்க கையில என்னா மருந்து இருக்கு?" என்று கேட்டார். "இஞ்சித் தேத்தண்ணி" என்றேன். "அத நாங்களே போட்டுக் குடிச்சிருவோமே. பெறகு தோட்டத்துல ஒங்களுக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

பூந்தோட்டத்தில் வேலை செய்யும் சிங்களக் கிழவர் ஒருவர் ஓரமாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். உங்கள் மகள் அவருக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து, அவர் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். பெண் பார்க்க வந்தவன் எதிரில் ஒருவர் இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. நான்தான் பார்க்கப்பட்டவன் போல வியர்த்தேன்.

எனக்குச் சம்மதம். அத்தைக்கும் சம்மதம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பணிவுள்ள,
கணேசமூர்த்தி

*

ஊற்றுமலைத் தோட்டம்,
கொட்டகலை.
21 ஜனவரி 1956

தம்பி கணேசமூர்த்திக்கு,

உன் கடிதத்தைத் தப்பால்காரன் தேயிலை மலைக்கே கொண்டுவந்து கொடுத்தான். பனி பட்டுக் கொழுந்தெல்லாம் கருகிப்போய், துரை என்னவோ நான்தான் வாளியில் எடுத்துப்போய்ப் பனியை ஊற்றினேன் என்பது போல முறைத்துக்கொண்டிருந்த நேரம். கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போகும் வரை முகத்தைத் தொங்கப்போட்டு நின்றேன். போனதும் ஒரு தேயிலைச் செடி மறைவில் உட்கார்ந்து படித்தேன். பிறகு கருகிய கொழுந்துகூடப் பச்சையாகத்தான் தெரிந்தது.

என் மகள் நாகலெட்சுமி உன்னிடம் அப்படிப் பேசினாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உப்பு வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை. நுவரெலியாக் காற்றுப் பட்டதும் வாய் திறந்ததோ என்னவோ. அவளிடம் சொன்னேன். அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

தாயில்லாப் பிள்ளைகள், தம்பி. வீட்டை நடத்துகிறவள் மூத்தவள் அம்மாக்கண்ணு. கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். அன்று சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி வந்தாளே, அவள். நீ கவனித்திருக்க மாட்டாய்.

வருகிற 29ஆம் தேதி ஞாயிறு ஹட்டன் பிள்ளையார் கோயிலில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம். பிறகு படம் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் எல்லோருமாக நடந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவோம். தை மாதத்து ஹட்டன் பார்க்க நன்றாக இருக்கும். மலை ஏறிச் சாமி கும்பிடப் போகிறவர்கள் கூட்டமும் கம்பளித் தொப்பி விற்கிறவர்களும் வறுத்த கடலை வாசனையுமாக ஊரே திருவிழாதான். அத்தையைக் கண்டிப்பாக அழைத்து வா.

அன்புடன்,
இராமையா

*

ஊற்றுமலைத் தோட்டம்,
கொட்டகலை.
31 ஜனவரி 1956

திரு. கணேசமூர்த்தி அவர்களுக்கு,

உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதவே கூடாது என்று இருந்தேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

என் இளைய மகள் சேலை கட்டிப் பூ வைத்து, வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டு உங்கள் எதிரில் நிற்கிறாள். நீங்கள் தட்டையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தூணோரமாகச் செருப்புக்குக் காவலாக நின்ற மூத்தவளைப் பார்த்து, "நான் பாத்தது இவங்கள இல்லீங்க, அவங்கள" என்றீர்கள். ஹமீத் நானாவின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னீர்கள். கோயில் முழுக்கக் கேட்டது. மணியடித்துக்கொண்டிருந்த குருக்கள் மணியை நிறுத்தினார். உங்கள் அத்தை கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே போட்டார்.

அம்மாக்கண்ணு ஏன் தூணோரம் நின்றாள் தெரியுமா? நல்ல காரியம் நடக்கிற இடத்தில் நிற்கக்கூடாது என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். கல்யாணம் முடிந்து வருடம் திரும்புவதற்குள் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். அவளைக் கை காட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தீர்கள். இளையவள் நீட்டிய தட்டை அவளே திரும்பக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் என் இரண்டு பிள்ளைகளின் தலையையும் குனியவைக்க உங்களால் முடிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற சனம், "வெத்தல மாத்தியாச்சுங்களா ஐயா?" என்று கேட்கிறது. நான் தேயிலையைப் பற்றிப் பேசினேன்.

பிடிக்கவில்லை என்றால் கடிதம் போடாமல் இருந்திருக்கலாம். அதற்குத்தானே அந்த ஏற்பாடு. இனி எனக்கு எழுத வேண்டாம்.

இராமையா

*

பழையகாடு தோட்டம்,
வலப்பனை.
4 பெப்ரவரி 1956

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படியுங்கள்.

ஹக்கலயில் நீலச் சுவெட்டர் போட்டிருந்தவர் உங்கள் மூத்த மகள். எனக்குச் சோறு வைத்தவர், என் சம்பளத்தைக் கேலி செய்தவர், கிழவருக்குத் தேத்தண்ணி கொடுத்தவர் எல்லாம் அவர்தான். சுவெட்டர் எப்படிக் கை மாறியது என்று எனக்குத் தெரியாது. சேலையோடு நடுங்கிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றதைப் பார்த்தேன். நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு இருமல் வரும் என்று நினைத்ததோடு சரி. யாருடைய பெயரும் சொல்லக்கூடாது என்பதால் நானும் கேட்கவில்லை. நீங்கள் நாகலெட்சுமி என்று எழுதியபோது, அவர் பெயர் நாகலெட்சுமி என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் நான் வாயைத் திறந்தது தப்பு. வெளியே போய் உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தட்டை ஏந்தி நின்ற தங்கச்சியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். அவர் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் என்னைத் திட்டினார். "ஊரு ஒலகத்துல பொண்ணு பாக்கப் போறவன் பொண்ணப் பாப்பான். நீ சுவெட்டரப் பாத்துட்டு வந்திருக்க" என்றார். மூன்றாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு, "ஆனா அந்தப் பிள்ள கையால சாப்புட்ட புளிச்சோறு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார்.

ஐயா, இப்போது எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். அவர் புருஷனை இழந்தவர் என்பதை ஹமீத் நானா சொன்னார், நீங்களும் எழுதிவிட்டீர்கள். ஒரு மகளைக் கேட்டு வந்து இன்னொரு மகளைக் கேட்பது மரியாதைக்கேடு என்று புரிகிறது. ஆனால் என் மனதில் முதலிலிருந்தே ஒருவர்தான் இருந்தார். பெயர் மட்டும்தான் தப்பாகத் தெரிந்திருந்தது. உங்கள் மூத்த மகள் அம்மாக்கண்ணுவை எனக்குக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு தொந்தரவு செய்யமாட்டேன்.

கணேசமூர்த்தி

*

ஊற்றுமலைத் தோட்டம்,
கொட்டகலை.
12 பெப்ரவரி 1956

தம்பி கணேசமூர்த்திக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். படித்துவிட்டேன்.

வீட்டில் விசாரணை வைத்தேன். சுவெட்டர் கதை வெளியே வந்தது. புதுச் சேலையின் சரிகைக் கரையை அந்தச் சுவெட்டர் மறைக்கிறதாம். ஹக்கல வாசலிலேயே நாகலெட்சுமி அதைக் கழற்றி அக்காவின் தோளில் போட்டுவிட்டாள். அழகாகத் தெரிய வேண்டும் என்று உறைபனியில் நின்று நடுங்கிய பிள்ளையை நீ நோயாளியாகத்தான் பார்த்திருக்கிறாய். நீ சொன்னபடியே அவளுக்கு ஒரு வாரம் இருமல் இருந்தது.

ஹமீத் நானா வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, இனிமேல் ஆயுசுக்கும் நீல நிறச் சுவெட்டர் விற்பதில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, "மூத்தது வீட்டுல இருக்கக்குள்ள எளையதுக்குப் பாத்தோமே இராமையா, அதுதான் நம்ம தப்பு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு அது அவர்மேல் வந்த கோபம் இல்லை என்று தெரிந்தது. அம்மாக்கண்ணுவின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தோம். அவளும் சேர்ந்துதான்.

நாகலெட்சுமி ஒரு நாள் முழுக்க அழுதாள். அடுத்த நாள் என்னிடம் வந்து, "அக்காகிட்டயே கேளுங்கப்பா. எனக்கு அந்த மருந்து வாசனையே புடிக்கல" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

மூத்தவளிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னேன். பிள்ளைக் காம்பராத் துணிகளை அலசிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு என்னைய யாரும் பாக்க வரலப்பா. அதுனாலதான் வாய்க்கு வந்ததப் பேசுனேன். இனி பாக்க வர்றாங்கன்னா எனக்குப் பேச்சு வருமோ என்னமோ." அப்புறம், "கூப்புடுங்க. ஆனா இந்தத் தடவ ஒளிச்சுப் பாக்குறது வேணாம். எம்பேரச் சொல்லுங்க, எனக்கு நடந்ததச் சொல்லுங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. அதுக்கப்புறம் அவரு பாக்கட்டும், நானும் பாக்குறேன்" என்றாள்.

அதனால் 19ஆம் தேதி ஞாயிறு காலை ரயிலில் நாங்கள் கொட்டகலையில் ஏறுகிறோம். நீயும் அத்தையும் நானுஓயாவில் வந்து நில்லுங்கள். ஒகியா வரை போய், சாப்பிட்டு, மாலை ரயிலில் திரும்பலாம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் அவளை ஒரு வார்த்தை வற்புறுத்தமாட்டேன்.

இராமையா

*

பழையகாடு தோட்டம்,
வலப்பனை.
21 பெப்ரவரி 1956

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நானுஓயா மேடையில் ரயில் நின்றதும் நீங்கள் முதலில் இறங்கி, மூட்டை தூக்குகிறவர்களும் பயணிகளும் பார்க்க, "இது எம்மூத்த மக அம்மாக்கண்ணு. புருஷனக் காய்ச்சல்ல பறிகுடுத்தவ. பிள்ளைக் காம்பராவுல வேல பாக்குறா" என்றீர்கள். அவர் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக உங்களுக்கு நன்றி.

பட்டிப்பொலையில் மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்து அத்தையின் மடியில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுரங்கம். இருட்டில் பெட்டி முழுக்கப் புகை, குழந்தைகளின் கூச்சல். வெளியே வந்தால் வெயில். ஒரு பக்கம் பனியும் மறு பக்கம் வெயிலுமாக மலைக்கு இரண்டு முகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன். கீழே ஊவாப் பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெளிவாகக் கிடந்தது. நாகலெட்சுமித் தங்கச்சி சன்னலை விட்டு நகரவே இல்லை. என் மேல் அவருக்குக் கோபம் இல்லை என்று சொன்னார். மருந்து வாசனை மட்டும் உண்மைதானாம்.

ஒகியாவில் தண்டவாள ஓரமாக வெயிலில் உட்கார்ந்து தேங்காய் ரொட்டியும் சம்பலும் தின்றோமே, அப்போது நீங்களும் அத்தையும் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனீர்கள். போனதைப் பார்க்காதது போல இருந்தேன். அதற்கும் நன்றி. அவர் அதிகம் பேசவில்லை. ஹக்கலயில் பேசியதில் பாதிகூட இல்லை. நான் அவரிடம் ஒன்று கேட்டேன். ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். ரயில் வந்துவிட்டது.

இல்லை என்று பதில் வந்தாலும் எனக்கு வருத்தம் இருக்குமே தவிரக் குறை இருக்காது. இந்தக் குளிர்காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நீங்கள் எனக்குக் கொடுத்தீர்கள். நடுவில் உள்ள ஞாயிறுகூட, நான் கெடுத்தது என்றாலும், என்னுடையதுதான். இந்த மாதங்களை இனி நான் இருமல் மாதம் என்று சொல்லமாட்டேன்.

அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

பணிவுடன்,
கணேசமூர்த்தி

*

ஊற்றுமலைத் தோட்டம்,
கொட்டகலை.
27 பெப்ரவரி 1956

அன்புள்ள கணேசமூர்த்திக்கு,

திரும்பி வந்த அன்று நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று மலையில் இருபது வருடம் கத்தியவனுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் வருவேன், அவள் முகத்தைப் பார்ப்பேன், தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவேன். வயிறு தண்ணீராலேயே நிறைந்தது.

நேற்று மாலை அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலத் தண்ணீருக்குப் போனேன். திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, அவருக்கு எழுதுறப்ப கடலுன்னு எழுதிருங்க" என்றாள்.

"என்னா கடலு?" என்றேன்.

"எனக்கு என்னா புடிக்கும்னு கேட்டாருப்பா. யாரும் கேட்டதில்லயா, சட்டுனு ஒண்ணும் வாயில வரல. அப்பாவுக்கு என்னா புடிக்கும், நாகுவுக்கு என்னா புடிக்கும், காம்பராவுல எந்தப் பிள்ளைக்கு எது புடிக்கும், எல்லாம் தெரியுது. எனக்கு என்னான்னு யோசிச்சா வெறும் மூடுபனியா இருக்கு. இத்தன நாளா யோசிச்சேன். எனக்குக் கடல் பாக்கணும்பா. சின்னதுலருந்தே பாக்கணும்."

கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். "யாருகூடப் போயிப் பாக்கப் போற?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "தனியாவா அனுப்புவீங்க?" என்றாள்.

ரொட்டி கருகிவிட்டது. இரண்டு பேரும் அதைத்தான் தின்றோம்.

வைகாசிக் காற்று தொடங்கும் வரை நீர்கொழும்புப் பக்கம் கடல் சாதுவாக இருக்கும் என்று ஹமீத் நானா சொல்கிறார். அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், தங்க இடம் கிடைக்கும். அதற்கு முன்னால் அத்தையிடம் சொல்லி ஒரு நல்ல நாள் பாருங்கள். இந்த முறை தட்டை அவளே ஏந்தி வருவாள்.

நான் பெற்ற பிள்ளை, மாப்பிள்ளை. கைக்குழந்தையில் இருந்து தூக்கி வளர்த்தேன், கட்டிக்கொடுத்தேன், திரும்பக் கூட்டி வந்தேன். 'உனக்கு என்ன பிடிக்கும்' என்று ஒரு நாள்கூட நான் அவளைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். உங்களுக்கு நன்றி.

இப்படிக்கு,
உங்கள் மாமா
இராமையா